தொப்பைக்குள் ஒரு சுரப்பி

"ஆள் ஒல்லிதான், தொப்பைதான் கொஞ்சம்." சென்னையின் அபிராமபுரத்திலும் ஆழ்வார்ப்பேட்டையிலும் நாற்பதைத் தாண்டியவர்களைப் பற்றி வீட்டார் இப்படிச் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். உடலுக்குள் அது அவ்வளவு சாதாரணமான செய்தி இல்லை.

பக்கத்துக் கோபாலபுரத்தில் இருக்கும் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், 2001-ல் 'க்யூர்ஸ்' என்ற ஆய்வைத் தொடங்கி, 20 வயதுக்கு மேற்பட்ட 26,001 சென்னைவாசிகளைப் பரிசோதித்தது. இதே நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. எடைக் கணக்கில் பருமனானவர்கள் 28.6 சதவீதம். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்ற எல்லையைத் தொட்டவர்களோ 39.5 சதவீதம். எடை இயந்திரம் கண்டுகொள்ளாத பலரை அளவு நாடா பிடித்துவிடுகிறது.

கிள்ளினால் விரலில் சிக்குவது தோலடிக் கொழுப்பு. ஆபத்து அதற்கும் உள்ளே, குடலின் முன்னால் திரைபோலத் தொங்கும் கொழுப்பில் இருக்கிறது. அங்கிருந்து வரும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது; அந்தக் கொழுப்பு கரைந்து வெளியாகும் கொழுப்பு அமிலங்களும் அதோடு போய்ச் சேர்கின்றன. கல்லீரலில் இன்சுலினின் பேச்சு எடுபடாமல் போகிறது. அதை ஈடுகட்டக் கணையம் மேலும் இன்சுலின் சுரக்க, அந்த இன்சுலினே கொழுப்பைச் சேர்த்து வைக்கச் சொல்கிறது.

இடுப்புக்கு மேல் சேரும் கொழுப்புக்கும் நீரிழிவுக்கும் உறவு உண்டு என்று பிரான்சின் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக் 1947-லேயே எழுதினார். ஆனாலும் கொழுப்பை வெறும் சேமிப்பாகவே உலகம் பார்த்து வந்தது. 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டினைக் கண்டறிந்த பிறகுதான் கொழுப்புத் திசுவும் ஹார்மோன் சுரக்கிறது என்பது உறுதியானது. அடுத்து வந்தது அடிப்போனெக்டின். இன்சுலினுக்குத் துணை நிற்கும் இந்த ஹார்மோனையும் கொழுப்புத் திசுவே சுரக்கிறது. ஆனால் தொப்பை பெருக்கப் பெருக்க அது குறைகிறது.

என்னை அசரவைப்பது கார்டிசாலின் கதை. அட்ரினல் சுரப்பி தரும் இந்த ஹார்மோன் மிதமிஞ்சினால் குஷிங் நோய் வரும்: கைகால் மெலிய, வயிறு பெருக்கும். ஆனால் சாதாரணத் தொப்பைக்காரரின் ரத்தத்தில் கார்டிசால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இது எப்படி? 1997-ல் பர்மிங்ஹாம் ஆய்வாளர்கள் ஒரு விடை சொன்னார்கள். செயலிழந்த கார்டிசோனை மறுபடி கார்டிசாலாக மாற்றும் நொதி, வயிற்றுக் கொழுப்புத் திசுவிலேயே இருக்கிறது. தோலடிக் கொழுப்பைவிட அங்கே அது மும்முரமாக வேலை செய்கிறது. 2001-ல் எலிகளின் கொழுப்பில் மட்டும் அந்த நொதியைக் கூட்டிப் பார்த்தார்கள். பொது ரத்தத்தில் ஹார்மோன் அளவு உயரவில்லை. ஆனாலும் வயிறு பெருத்தது, இன்சுலின் எதிர்ப்பும் வந்தது. ரத்தப் பரிசோதனைக்குத் தெரியாமல், திசு தனக்கு வேண்டியதைத் தானே சமைத்துக்கொள்கிறது!

பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் கொழுப்பைத் தொடைக்கும் பின்புறத்துக்கும் அனுப்புகிறது. அது குறைந்ததும், எடை கூடாவிட்டாலும், கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறத் தொடங்கும். "சாப்பாட்டைக் குறை" என்று அம்மாக்களைக் கடிந்துகொள்வதற்கு முன் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்களிடம் டெஸ்டோஸ்டீரோன் குறைந்தால் தொப்பை கூடும். தொப்பை கூடினால் டெஸ்டோஸ்டீரோன் இன்னும் குறையும்.

நம்மவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும் 2004-ல் தங்கள் உடல்களையே 'லான்செட்' இதழில் ஒப்பிட்டார்கள். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2.

ஆனால் உள்வயிற்றுக் கொழுப்பிடம் ஒரு நல்ல குணமும் இருக்கிறது. நடக்கும்போது சுரக்கும் அட்ரினலினுக்குத் தோலடிக் கொழுப்பைவிட அது சீக்கிரம் செவிசாய்க்கிறது. அதனால் நாகேஸ்வர ராவ் பூங்காவைத் தினமும் வேகமாகச் சுற்றி வருகிற ஒருவருக்கு, எடை இயந்திரத்தின் முள் அசையாதிருக்கும்போதே உள்ளே கொழுப்பு குறையத் தொடங்கியிருக்கலாம்.