முஸ்லிம் வீட்டில் பணிப்பெண்: முதல் நாளுக்கு முன்பே பேச வேண்டியவை

ஜொகூரில் வீட்டு வேலைக்கு ஆள் தேடும் முஸ்லிம் குடும்பங்கள் சில, 'முஸ்லிம் பெண்தான் வேண்டும்' என்று கேட்பதுண்டு. ஹலால், தூய்மை முறைகள் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதே பெரும்பாலும் காரணம். ஆனால் அந்த முறைகளை யாருக்கும் சொல்லித் தரலாம். முன்கூட்டியே சொல்லாமல் விடும்போதுதான் மனக்கசப்பு வருகிறது.

பன்றி இறைச்சியும் மதுவும் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஜெலட்டினிலும் சில சாஸ் வகைகளிலும் அவை கலந்திருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. கடைக்கு அனுப்பும்போது ஜாக்கிம் ஹலால் முத்திரை பார்த்து வாங்கச் சொல்லுங்கள். பணியாளர் கொண்டுவரும் சாப்பாட்டுக்குத் தனித் தட்டும் இடமும் வேண்டுமா என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

நாய் வளர்க்கும் வீட்டிலிருந்து பணியாளர் வரக்கூடும். ஷாஃபி மத்ஹபின்படி, நாயின் எச்சில் பட்ட பொருளை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். இது வழிபாட்டுத் தூய்மைக்கான விதி, ஆளை இழிவாக நினைப்பதல்ல என்று விளக்கினால் அவர் மனம் புண்படாது. தொழுகை விரிப்பில் காலணியோடு நடக்கக் கூடாது, குர்ஆன் உள்ள அலமாரியில் எதைத் தொடலாம் என்பதையும் காட்டிக் கொடுங்கள்.

வீட்டில் ஆண் மட்டும் தனியாக இருக்கும் நேரத்தில் பணிப்பெண்ணை வரச்சொல்லாதீர்கள். ஜொகூரின் 1997ஆம் ஆண்டு ஷரியா குற்றவியல் சட்டத்தில் கல்வத் ஒரு குற்றம். அதைவிட முக்கியம், இந்த ஏற்பாடு பணிப்பெண்ணுக்கும் பாதுகாப்பு.

மரியாதை இருபக்கமும் வேண்டும். நோன்பு மாதத்திலும் நோன்பில்லாத பணியாளருக்கு மதிய உணவும், அமர்ந்து உண்ண இடமும் தேவை. இந்துப் பணியாளர் தைப்பூசத்திற்கும் தீபாவளிக்கும் விடுப்பு கேட்பார். கிறிஸ்துவர் ஞாயிறு காலையைக் கேட்பார். 2025 ஜனவரி முதல் ஜொகூரின் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறாக மாறியிருப்பதால், வீட்டாரும் அன்று வீட்டில் இருப்பார்கள். ஓய்வு எந்த நாள் என்பதை அதையும் எண்ணி முடிவு செய்யுங்கள்.

இவற்றை எழுதி வைப்பது ஏன் அவசியம்? 2023 ஜனவரி 1 முதல் 1955 வேலைச் சட்டம் 'வீட்டு வேலைக்காரர்' என்ற சொல்லை 'வீட்டுப் பணியாளர்' என மாற்றியது. ஆனாலும் வார ஓய்வு நாள், வேலை நேரம் பற்றிய பகுதிகள் இவர்களுக்குப் பொருந்தாது. குறைந்தபட்சச் சம்பள ஆணையும் பொருந்தாது. ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், வேலையை முடித்துக்கொள்ள 14 நாள் முன்னறிவிப்பு போதும். 2021 ஜூன் 1 முதல் இவர்களை சொக்சோவில் பதிவு செய்வது முதலாளியின் கடமை.

ஆகவே சம்பளம், ஓய்வு நாள், உணவு, வீட்டு முறைகள் எல்லாவற்றையும் பணியாளருக்குப் புரியும் மொழியில் ஒரே தாளில் எழுதி, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள்.