வில்சன் அவென்யூவில் மூன்று தலைவர்கள்

வில்சன் அவென்யூவில் இருக்கும் ரொறன்ரோ கிரிக்கெட், ஸ்கேட்டிங், கர்லிங் கழகத்தைக் கடந்து போயிருப்பீர்கள். இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றின் மண்ணில் மற்றொன்று ஆடத் தயங்கிய காலத்தில், இரண்டுக்கும் பொதுவான இடமாக அமைந்தது இந்த மைதானம்தான். 1996 முதல் 1998 வரை சஹாரா கிண்ணப் போட்டிகள் இங்கேதான் நடந்தன.

முதல் ஆண்டில் இந்தியாவின் புதிய தலைவர் சச்சின் டெண்டுல்கர், எதிரே வாசிம் அக்ரம். பாகிஸ்தான் 3-2 என வென்றது. 1997-ல் சச்சினுக்கு இன்னும் பெரிய சோதனை. வேகப்பந்து வீச்சாளர்களான ஸ்ரீநாத்தும் இல்லை, வெங்கடேஷ் பிரசாத்தும் இல்லை. சச்சின் என்ன செய்தார்? துடுப்பாட்டக்காரர் என்றே எல்லோரும் நினைத்திருந்த சௌரவ் கங்குலியிடம் பந்தைக் கொடுத்தார். செப்டெம்பர் 18 அன்று இந்தியாவின் 182 ஓட்டங்களைத் துரத்திய பாகிஸ்தான் 148-க்குள் சுருண்டது. கங்குலி 10 ஓவரில் 16 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்! தொடர் 4-1 என இந்தியாவுக்கு. அடுத்த ஆண்டு அசாருதீன் தலைமையில் வந்த இந்தியா அதே 4-1 கணக்கில் தோற்றது, அது வேறு கதை.

சச்சின் தலைமை தாங்கிய 25 டெஸ்ட்களில் வெற்றி நான்கே. ஆனாலும் 1997-ன் அந்த ஒரு வாரம் அவருடைய கணிப்பு அபாரம் என்றே சொல்ல வேண்டும். பந்தை வாங்கிய கங்குலி 2000-ல் தானே தலைவரானார். 49 டெஸ்ட்களில் 21-ஐ வென்று கொடுத்தார்.