கறிவேப்பிலையில் பறவை எச்சமா, புழுவா?

ராயபுரம் போன்ற நெருக்கமான துறைமுகப் பகுதியிலும், வீட்டு முற்றத்துக் கறிவேப்பிலை இலைமேல் வெண்திட்டுகளும் கரும்பழுப்பு நிறமுமாக, ஈரம் உலராத பறவை எச்சம்போல் ஒன்று தென்பட்டால், அது பெரும்பாலும் எலுமிச்சை அழகி அல்லது காமன் மார்மன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் இளம் புழுவாகும்.

எச்சத்தைப் பறவைகள் கொத்தித் தின்பதில்லை என்பதால் இவ்வேடம் புழுவைக் காக்கிறது; உடல் பெருத்தபின் அவ்வேடம் பொருந்தாதாகையால், நான்காம் முறை தோலுரித்ததும் அது இலைப்பச்சை நிறம் கொள்கிறது. புழுப்பருவத்தை நீட்டிக்கும் இளமை ஹார்மோன் குறைவதே இம்மாற்றத்தைத் தூண்டுகிறது என்பதை, இவற்றின் உறவினம் ஒன்றில் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008-இல் நிறுவினர்.

ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னிருந்து இரு கிளையாகப் பிரிந்த சதைக்கொம்பு ஒன்று சட்டென நீண்டு, எறும்பு முதலிய எதிரிகளை விரட்டும் காரநெடியைப் பரப்பும். ஆஸ்மெட்டீரியம் எனப்படும் இவ்வுறுப்பே பாபிலியோனிடே குடும்பத்தின் உறுதியான அடையாளம். இனத்தை ஐயமறப் பிரித்தறியப் பூச்சி வெளிவரும்வரை காத்திருப்பதே நல்லது: பின்சிறகில் வால் இல்லாதது எலுமிச்சை அழகி, கருஞ்சிறகும் வாலும் கொண்டது காமன் மார்மன்.

சில இலைகள் கடிபட்டன என்பதற்காக மருந்து தெளிக்காமல், ஒரு கொத்தையேனும் இப்புழுக்களுக்கு விட்டுவைக்க வேண்டும்.