பிள்ளை வண்டியை இடித்தால் இன்சூரன்ஸ் கூடுமா?



ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில் நம் உறுப்பினர்கள் சிலர் வீட்டில் கார் நிற்கிறது. லைசென்ஸ் எடுத்த கையோடு பிள்ளைகள் ஓட்டுகிறார்கள். சந்தில் திருப்பும்போது பம்பர் நசுங்கிவிடுகிறது. "இனிமே இன்சூரன்ஸ் கூடக் கட்டணுமோ?" என்று பயப்படுகிறோம். விவரமாகப் பார்ப்போம்.

நாம் கட்டும் பிரீமியத்தில் இரண்டு பங்கு உண்டு.

1. மூன்றாம் நபர் காப்பீடு: அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு. இது கட்டாயம். கட்டணத்தை அரசு அறிவிக்கிறது. 2022 ஜூன் அறிவிப்பில் 1,000 சி.சி. வரையுள்ள சொந்த உபயோகக் காருக்கு ரூ.2,094. பிள்ளை இடித்தான் என்பதற்காக இது ஏறாது.

2. சொந்தச் சேதக் காப்பீடு: நம் வண்டியின் சேதத்துக்கு. க்ளெய்ம் கேட்காத வருடங்களுக்கு இதில் தள்ளுபடி உண்டு. முதல் வருடம் 20%, பிறகு 25, 35, 45, ஐந்தாம் வருடம் 50%. ஒரு முறை க்ளெய்ம் வாங்கினாலே தள்ளுபடி பொதுவாகப் பூஜ்யமாகிவிடும். ஓட்டியது யாராக இருந்தாலும் இதுதான் கதி.

ஒரு கணக்குப் போடுவோம். சொந்தச் சேதப் பிரீமியம் ரூ.6,000. அடுத்த வருடம் 50% தள்ளுபடி கிடைக்க வேண்டும். பம்பர் செலவு ரூ.4,500. தேய்மானமும் கட்டாயப் பிடித்தமும் போக கம்பெனி தருவது ரூ.2,000 என்று வைத்துக்கொள்வோம். அதை வாங்கினால் அடுத்த வருடம் ரூ.3,000 கூடுதலாகக் கட்டணும். அதற்கடுத்த வருடம் ரூ.1,800. இரண்டே வருடத்தில் ரூ.4,800 போச்சு! அதைவிட குழுவில் உள்கடன் எடுத்துச் சரிசெய்வது லாபம். ரூ.4,500-ஐ ஐந்து தவணையில் கட்டினால், மாதம் நூற்றுக்கு 2 வட்டி என்றாலும் மொத்த வட்டி ரூ.270தான். சேதம் பெரிசு என்றால் தயங்காமல் க்ளெய்ம் கேளுங்கள்.

ஆனால் யாருக்காவது அடிபட்டிருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். முதலில் ஆஸ்பத்திரி (108), பிறகு போலீஸ், இன்சூரன்ஸ் கம்பெனி. ரோட்டிலேயே பணம் கொடுத்துப் பேசி முடிக்காதீர்கள். பிறகு நஷ்ட ஈட்டு வழக்கு வந்தால், தகவல் சொல்லியிருப்பதுதான் நமக்குப் பாதுகாப்பு.

லைசென்ஸ் இல்லாத பிள்ளை ஓட்டினால் சொந்தச் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்த தொகையையும் வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவரிடமே வசூலிக்கக் கோர்ட் உத்தரவிடலாம். வண்டி நம் பெயரில் இருந்தால் அந்தக் கடன் நம் தலையில்தான். 18 வயது ஆகாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால், 2019 சட்டத் திருத்தப்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 வருடம் வரை சிறை, ரூ.25,000 அபராதம். வண்டிப் பதிவும் 12 மாதம் ரத்தாகும்.

இன்னொன்று: பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்த தள்ளுபடி போய்விடும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்குப் பாலிசியை எடுத்து வாருங்கள். முடியும் தேதி, தள்ளுபடி எத்தனை சதவீதம், சொந்தச் சேதக் காப்பீடு இருக்கிறதா என்ற மூன்றையும் சேர்ந்து பார்ப்போம். சாவியைக் கொடுக்கும் முன் பிள்ளையின் லைசென்ஸையும் பார்ப்போம்.