நம்ம நாட்டிலும் ஒரு எரிமலை இருக்கு!



"இந்தியாவில் எரிமலை ஏது? அதெல்லாம் ஜப்பானில்தான்" என்று எங்க வகுப்பிலேயே பாதிப் பேர் சொல்றாங்க. இருக்கிறது! அந்தமானில், ஸ்ரீ விஜயபுரத்துக்கு (முன்பு போர்ட் பிளேர்) வடகிழக்கே சுமார் 140 கி.மீ. தூரத்தில், கடல் நடுவே உள்ள பாரன் தீவுதான் அது. வரைபடத்தில் பாருங்கள், நம்ம வாலாஜாபாத்தும் அந்தத் தீவும் 12 டிகிரிக்கும் 13 டிகிரிக்கும் நடுவில்தான் இருக்கின்றன. கிழக்கே போய்க்கிட்டே இருந்தால் அதன் பக்கத்தில் போய்விடலாம்!

கடலுக்கு மேலே தெரிகிற உயரம் சுமார் 354 மீட்டர். அது தலை மட்டும்தான். உடம்பு இரண்டு கி.மீ.க்கு மேல் தண்ணீருக்குள் இருக்கிறது.

இதை அடுக்கு எரிமலை என்பார்கள். ஒரு தடவை நெருப்புக் குழம்பு வழிந்து இறுகும். அதன்மேல் சாம்பலும் கல்லும் விழும். மறுபடியும் குழம்பு வழியும். பட்டுப்புடவையை மடித்து அடுக்குவது மாதிரி அடுக்கு அடுக்காக வளர்ந்த மலை. அங்கே பூமியின் இந்தியத் தட்டு பக்கத்துத் தட்டுக்கு அடியில் நுழைகிறது. அதோடு உள்ளே போகும் நீரால் ஆழத்தில் பாறை உருகி மேலே வருகிறது.

1787ல் கப்பலில் போனவர்கள் இது புகைவதைப் பார்த்து எழுதி வைத்தார்கள். 1789லும் பார்த்திருக்கிறார்கள். 1832 வரை அவ்வப்போது குமுறியது. அப்புறம் ஏறக்குறைய 150 வருஷம் சத்தமே இல்லை! தாத்தா, அவங்க தாத்தா காலம் எல்லாம் போச்சு. அணைந்தே போச்சு என்று நினைத்திருப்பார்கள். 1991ல் திடீரென்று வெடித்து, குழம்பு கடல் வரைக்கும் ஓடியது. பிறகு 1994-95, 2005, 2017 என்று பல தடவை. 2017 ஜனவரியில் கோவாவிலிருந்து ஆராய்ச்சிக் கப்பலில் போன விஞ்ஞானிகள் நேரிலேயே பார்த்தார்கள். 2025 செப்டம்பரிலும் வெடித்தது.

மனிதர்கள் யாரும் அங்கே இல்லை. ஆனால் ஆடுகள் இருக்கின்றன! அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் விட்டுப் போனவை என்று சொல்கிறார்கள். குழம்பு ஓடாத பக்கத்தில் மேய்ந்து பிழைத்துக் கிடக்கின்றன. எனக்கு எரிமலையை விட இதுதான் பெரிய ஆச்சரியம்.

"அப்போ மறுபடி சுனாமி வருமா?" என்று என் பக்கத்தில் உட்காருகிறவள் பயந்து கேட்டாள். அப்போது நம்ம மாவட்டத்தில் இருந்த கல்பாக்கத்தைத் தாக்கிய 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு இந்த எரிமலை காரணம் இல்லை. சுமத்ரா அருகே கடலுக்கடியில் வந்த பூகம்பம்தான் காரணம். பாரன் தீவு வெடித்தது ஐந்து மாதம் கழித்து, 2005 மே மாதத்தில். நமக்கும் அதற்கும் நடுவே 1,400 கி.மீ.க்கு மேல் கடல் இருக்கிறது. 1991லிருந்து இத்தனை தடவை வெடித்தும் அதனால் நம்ம கரைக்கு ஒரு சுனாமியும் வரவில்லை.