காது அடைத்தால் காத்திருக்கலாமா?



கண் மங்கினால் உடனே கண் முகாமுக்குப் போகிறோம். காது மந்தமானால் மட்டும் "சளி பிடிச்சிருக்கு, தானா சரியாப் போயிடும்" என்று விட்டுவிடுகிறோம். பல நேரம் அது சரியாகியும் விடுகிறது. ஆனால் காத்திருக்கவே கூடாத காது அடைப்பும் ஒன்று உண்டு. அது எது என்று தெரிந்துகொள்வோமா?

நமக்கு எப்படிக் கேட்கிறது?

காதுக்குள் போகும் சத்தம் செவிப்பறையை அதிர வைக்கிறது. அதற்குப் பின்னால் உள்ள மூன்று சின்ன எலும்புகள் அந்த அதிர்வை உள்காதுக்குக் கொண்டுபோகின்றன. அங்கே நத்தைக்கூடு மாதிரி ஒரு உறுப்பு இருக்கிறது. அதற்குள் சுமார் 15,000 மெல்லிய மயிரிழைச் செல்கள் உள்ளன. அவைதான் நரம்பு வழியாக மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. இந்தச் செல்கள் செத்துப்போனால் மறுபடி முளைக்காது.

சரியாகக்கூடிய அடைப்புகள்

குறும்பி: தலைக்குக் குளித்ததும் குறும்பி ஊறி உப்பிக்கொள்ளும். காது சட்டென்று அடைக்கும். டாக்டர் எடுத்துவிட்டால் உடனே கேட்கும்.

சளி: சளி பிடித்தால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கும். சளி போனதும் பெரும்பாலும் சரியாகும். பிள்ளைகளுக்குச் சில வாரம்கூட ஆகலாம். "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறான்" என்று பிள்ளையை அடிக்காதீர்கள். முதலில் காதைக் காட்டுங்கள்.

சீழ்: காதில் சீழ் வடிந்தால் செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம். வைத்தியம் பார்க்காமல் விட்டால் கேட்கும் திறன் குறைந்துகொண்டே போகும்.

பெரும் சத்தம்: திருவிழாவில் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தால் காது "கொய்ங்" என்று இரையும், மந்தமாக இருக்கும். ஓரிரு நாளில் தெளியும். நாற்றை ஒருமுறை மிதித்தால் நிமிர்ந்துவிடும். தினமும் மிதித்தால் நிமிருமா? காதும் அப்படித்தான். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். 85 டெசிபலைத் தாண்டிய சத்தத்தில் தினமும் 8 மணி நேரம் இருந்தால் கேட்கும் திறன் நிரந்தரமாகக் குறையலாம். விசைத்தறிக் கூடங்களில் சத்தம் 90-ஐத் தாண்டுகிறது. பள்ளிபாளையம், சோமனூர் பக்கம் தறி ஓட்டும் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். வெறும் பஞ்சு போதாது. மருந்துக்கடையில் கிடைக்கும் காதடைப்பான் வாங்கிப் போடுங்கள்.

காத்திருக்கக் கூடாதது

நேற்றுவரை நன்றாகக் கேட்ட ஒரு காது, காலையில் எழுந்தால் கேட்கவில்லை. வலி இல்லை. இரைச்சல் இருக்கலாம், தலை சுற்றலாம். இது உள்காது நரம்புக் கோளாறாக இருக்கலாம். முதல் சில நாட்களுக்குள் மாத்திரை தொடங்கினால் கேட்கும் திறன் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டு வாரம் தாண்டினால் அந்த வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் சத்தம் பலமாகக் கேட்டால் பெரும்பாலும் குறும்பியோ சளியோதான். நல்ல காதில் பலமாகக் கேட்டால் நரம்பில் கோளாறு இருக்கலாம். இது ஒரு குறிப்பு மட்டுமே. எப்படிக் கேட்டாலும் சரி, திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றோ மறுநாளோ அரசு மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டை டாக்டரைப் பாருங்கள். "சந்தை முடியட்டும், அறுப்பு முடியட்டும்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

இவற்றைச் செய்யாதீர்கள்

* ஊக்கு, கொண்டை ஊசி, தீக்குச்சி, கோழி இறகு எதையும் காதில் விட வேண்டாம்.
* எண்ணெய் காய்ச்சி ஊற்ற வேண்டாம்.
* பிள்ளையின் கன்னத்தில், காதில் அறைய வேண்டாம். செவிப்பறை கிழிந்துவிடும்.
* சீழ் வடியும் காதோடு கிணற்றில், குளத்தில் முங்கிக் குளிக்க வேண்டாம்.

குழுவாக என்ன செய்யலாம்?

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. சில விசேஷ நாட்களுக்கு மட்டும் அரசு விலக்கு தரலாம். ஊர்த் திருவிழாவுக்கு முன்பே விழாக் கமிட்டியிடம் இதைப் பேசுங்கள். குழந்தைகள் உட்காரும் இடத்தை ஸ்பீக்கரை விட்டுத் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். "ஒரு காது திடீர்னு கேட்கலை" என்று யாராவது சொன்னால், சந்தா வசூலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவரைப் பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். கையில் காசில்லை என்றால் குழுவின் அவசரக் கடன் இதற்குத்தானே இருக்கிறது!