கல்வராயன் இறக்கத்துக்கு எந்த சைக்கிள்?

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டுக் கல்வராயன் மலையில் ஏறத் தொடங்கியதும் சமவெளிச் சைக்கிளின் கணக்கெல்லாம் மாறிவிடும். வெள்ளிமலைக்குத் தார்ச்சாலை உண்டு. அதிலிருந்து சிற்றூர்களுக்குப் பிரியும் பாதைகளில் செம்மண், சரளை, பெயர்ந்த ஜல்லி. ஏற்றத்தில் மூச்சு வாங்கும், இறங்கித் தள்ளிக்கொண்டும் போகலாம். ஆபத்து இறக்கத்தில்தான் இருக்கிறது.

மண் பாதையில் நெடுந்தூரம் ஓட்டுவதற்கென்றே வரும் 'கிராவல்' சைக்கிள்களை இப்போது நம் ஊர் இளைஞர்களும் வாங்குகிறார்கள். கடைக்குப் போனதும் ஒரு விரலால் தூக்கி எடை பார்க்கிறார்கள், கம்பெனிப் பெயரைப் பார்க்கிறார்கள். இந்த மலைக்கு முதலில் பார்க்க வேண்டியது பிரேக். அடுத்தது டயர். மூன்றாவது பில்.

மழை விட்ட மறுநாள், ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் பழைய பிரேக்கோடு வெள்ளிமலையிலிருந்து இறங்கினேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் ஓரங்கட்டி ரிம்மைத் தொட்டேன், விரல் சுட்டது. பிரேக் கட்டையின் ரப்பரில் மணல் புதைந்து, ரிம்மிலிருந்து அரைபட்ட அலுமினியத் துகள் மினுமினுத்தது. ரிம் அப்படிச் சூடேறினால் உள்ளே டியூப் வெடிக்கலாம். ஈரத்தில் கட்டை வழுக்கும். அன்று மீதித் தூரத்தைத் தள்ளிக்கொண்டே இறங்கினேன். ஆகவே, ரிம்மைத் தொடாமல் சக்கரத்தின் நடுவிலுள்ள தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் இல்லாத வண்டியை இந்த மலைக்கு வாங்க வேண்டாம். ஆயிலில் இயங்கும் டிஸ்க் விரலுக்குச் சுகம், ஆனால் அதைச் சரிசெய்யத் தனிக் கருவி வேண்டும். ஒயரில் இயங்குவது கொஞ்சம் முரடு. அறுந்தால் மலையிலேயே மாற்றிக்கொள்ளலாம். பக்கத்தில் தேர்ந்த மெக்கானிக் இல்லாதவர்களுக்கு நான் ஒயர் டிஸ்க்கைத்தான் சொல்வேன்.

டயர் 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. காற்றைக் கல்லுப்போல அடித்துவிட்டால் சரளையில் சக்கரம் துள்ளும், பிடி போய்விடும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா ஊரில் 2006 முதல் நடக்கும், இன்று 'அன்பவுண்ட்' எனப்படும் 200 மைல் மண்சாலைப் போட்டியில், கூரிய சிக்கிமுக்கிக் கற்கள் டயரின் பக்கவாட்டைக் கிழித்துப் பலரை வழியிலேயே நிறுத்திவிடும். அங்கே அனுபவசாலிகள் எடை கூடினாலும் பக்கச்சுவர் தடித்த டயரைத்தான் போடுகிறார்கள். நம் ஜல்லிக்கும் அதே கணக்குத்தான்.

சின்ன ஊர்க் கடையில் '28 இஞ்ச் டயர்' கேட்டால் பழைய கறுப்புச் சைக்கிளின் டயரை எடுத்துத் தருவார்கள். அதன் உள்விட்டம் 635 மில்லிமீட்டர். கிராவல் சைக்கிளின் ரிம் 622. இரண்டுக்கும் பெயர் 28 இஞ்ச் என்றாலும் ஒன்று மற்றதில் உட்காராது. பக்கவாட்டில் 40-622 என்பதுபோல் அச்சிட்ட எண்ணைப் பார்த்து வாங்குங்கள். டியூப்லெஸ் போட்டிருந்தாலும் ஒரு டியூப் கையில் இருக்கட்டும். உள்ளே ஊற்றும் பசை நம் வெயிலில் சில மாதங்களில் காய்ந்துவிடும். கியரைப் பொறுத்தவரை, முன்னால் உள்ள சிறிய பல்சக்கரத்தைவிடப் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் பற்கள் கூடுதலாக இருந்தால் முட்டிக்கு நல்லது.

இனி பில். ஒருமுறை என் வண்டியின் முன் ஃபோர்க்கில் விரிசல் விட்டது. கடைக்காரர் தந்திருந்தது வெறும் துண்டுச்சீட்டு. கம்பெனியில் முதல் கேள்வியே "பில் இருக்கா?" என்பதுதான். பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் வேறு கெடு எழுதாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. அன்று எனக்கு இது தெரியாது.

வாரன்டி அட்டையையும் பணம் கட்டும் முன்பே படியுங்கள். பல கம்பெனிகள் வண்டிக்குப் பயன்பாட்டு வகை எண் தருகின்றன: 1 என்றால் தார்ச்சாலை மட்டும், 2 என்றால் மண்சாலையும் 15 சென்டிமீட்டர் வரையிலான குதிப்பும், 3 என்றால் கரடான ஒற்றையடிப் பாதை. வகை 2 வண்டியைப் பாறையில் குதிக்கவிட்டு உடைத்தால் வாரன்டி கிடைக்காது. போட்டியில் ஓட்டினால் வாரன்டி இல்லை என்ற வரியும் சில அட்டைகளில் இருக்கும்.

பாகம் உடைந்தால் வெல்டிங் வைத்துவிடாதீர்கள், தூக்கியும் எறியாதீர்கள். அதுதான் சாட்சி, நுகர்வோர் ஆணையம் அதை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப முடியும். படம் எடுத்து, கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை சென்னையில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். அடிபட்டிருந்தால் தயாரிப்பாளரிடமே இழப்பீடு கேட்க அதே சட்டத்தில் வழி உண்டு.

மோட்டார் வண்டி இடித்தால் முதலில் 108, பிறகு காவல் நிலையம். இடித்தவன் நிற்காமல் போய்விட்டாலும் முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். அடையாளம் தெரியாத வாகன விபத்துக்கு மத்திய அரசின் திட்டத்தில் படுகாயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய். சைக்கிளில் போனவருக்கும் இது பொருந்தும்.

காப்புக்காட்டுப் பாதையில் வனத்துறை அனுமதியின்றி நுழைவது குற்றம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீ, மலையேறப் போன 23 பேரைக் கொன்றது. கல்வராயனும் கோடையில் காய்ந்து கிடக்கும் மலைதான். கைப்பேசி வரைபடத்தில் கோடு தெரிகிறதே என்று உள்ளே போகாதீர்கள். மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர் வழியாகப் போகும்போது வேகத்தைக் குறையுங்கள். அங்கே பாதைதான் குழந்தைகளுக்கு முற்றம்.

அந்த ஊர்களில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளிடம் அரசு தந்த விலையில்லா சைக்கிள் இருக்கிறது. அவர்களுக்கும் அதே இறக்கம்தான். அடுத்த முறை மலையேறும்போது பையில் அவர்களுக்காக இரண்டு ஜோடி பிரேக் கட்டையும் ஒரு பிரேக் ஒயரும் கூடுதலாக எடுத்துப் போங்கள். மாற்றிப் போடப் பத்து நிமிடம் போதும்.